பெரகல சந்தியில் பத்துப் பேருக்கு ஒரு கணினி

1

சென்ற வியாழக்கிழமை எங்கள் பாடசாலையில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிலரங்கு நடந்தது. எங்கள் பாடசாலை என்று பழக்கத்தில் எழுதுகிறேன். நான் அங்கே ஆசிரியன் அல்ல, உதவியாளன். நோர்வேயின் வடக்கில், கடலோரமாக இருக்கும் ஒரு சிறு நகரம் இது. தனியாகக் கவனிக்க வேண்டிய பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இடைவேளையில் முற்றத்தில் நிற்பது, பனிக்காலத்தில் தொலைந்துபோன கையுறைகளைத் தேடிக் கொடுப்பது ஆகியவை என் வேலைகள்.

பயிலரங்கின் தலைப்பு, இணையவழிக் கற்பித்தல் கருவிகள். பெரிய நகரத்திலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் வந்திருந்தார். தானே திருத்திப் புள்ளி போடும் வினாத்தாள், எல்லோரும் சேர்ந்து எழுதும் பக்கம், வீட்டிலிருந்தபடி பிள்ளை கேள்வி கேட்கும் பலகை என்று ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். பிறகு, "இவற்றை வைத்து ஒரு பாடத்தை முழுமையாகக் கற்பித்தவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. நான் தோள் உயரத்துக்கு என் கையைத் தூக்கினேன்.

"எங்கே கற்பித்தீர்கள்?"

"இலங்கையில். இங்கிருந்துகொண்டு."

"அனுபவம் எப்படி இருந்தது?"

என் நோர்வேஜிய மொழி வேலைக்குப் போதும். இப்படிப்பட்ட கேள்விக்குப் போதாது. "நன்றாக இருந்தது. ஒரு சிக்கல் மட்டும். எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறு எடுத்தார்கள்" என்றேன். மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அங்கே சொல்ல முடியாமற்போனதை இங்கே முழுவதும் எழுதிவைக்கிறேன்.

2

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் நியமனம் இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கணித ஆசிரியனாகப் போனேன். ஒரே மண்டபம், நான்கு வகுப்பு, இடையில் தட்டி கிடையாது. பக்கத்து வகுப்பில் சமயபாடம் நடக்கும்போது நான் பின்னம் கற்பிப்பேன். கேள்வி கேட்டால் என் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில் சொல்லும். அந்தச் சத்தத்தில்தான் நான் சொல்வது பிள்ளைகளைச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியும்.

அங்கே தொண்டர் ஆசிரியையாக இருந்தவர் ராஜேஸ்வரி டீச்சர். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், என்னைவிட நான்கைந்து வயது இளையவர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், அடையாள அட்டையில் நான் பிறந்த இடத்தைப் பார்த்த பிறகு என்னை விடுவதற்குச் சோதனைச்சாவடிகள் எடுத்துக்கொண்ட நேரம் வரவர நீண்டது. நான் இங்கே வந்து சேர்ந்தேன். டீச்சர் பயிற்சி முடித்து நிரந்தர ஆசிரியையாகி அதே பாடசாலையில் இருந்தார்.

இங்கே என் ஆசிரியர் சான்றிதழை அங்கீகரிக்கக் கேட்டு விண்ணப்பித்தேன். பயிற்சிக் கலாசாலையில் நான் படித்த ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத்தையும் மொழிபெயர்த்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். இரண்டு கோடைகள் கழித்து, என் கலாசாலைப் பயிற்சியை மூன்று வருட மேல்நிலைப் பள்ளியின் ஒரு வருடத்துக்குச் சமமாகக் கொள்ளலாம் என்று பதில் வந்தது. என் மனைவி சுமதி அதைப் படித்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருசம் படிச்சா எங்கட மகளோட சேர்ந்து வெளியில வரலாம்" என்றாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஜனவரியில் ராஜேஸ்வரி டீச்சரிடமிருந்து தொலைபேசி வந்தது. பெரகல சந்தியில் நஸீர் நானாவின் கடையிலிருந்து பேசினார். தொலைபேசி, போட்டோ பிரதி, இரண்டு கணினி வைத்திருந்த கடை அது. மூத்த முஸ்லிம் ஆண்களை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"சேர், கணக்கு சேர் மாத்தலாகிப் போயிட்டாருங்க. அந்த எடத்துக்கு ஆள் வரல. டிசம்பர்ல சாதாரண தரப் பரீட்சை எழுத பத்துப் புள்ளைங்க இருக்காங்க. நான் தமிழும் சமயமும் படிச்சுக் குடுக்கிறவ. கணக்குக்கு என்னங்க செய்யிறது?"

"நான் இங்கையிருந்து என்ன செய்யேலும், டீச்சர்?"

"இன்டர்நெட்டுல போடலாம்னு நஸீர் நானா சொல்றாரு. சனிக்கிழமைல புள்ளைங்கள பஸ்ல கூட்டியாறேன்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கலைச்செல்வின்னு ஒரு புள்ள இருக்குங்க சேர். கொழும்புல வீட்டு வேலைக்குக் கேட்டு ஆள் வந்துட்டுப் போறாங்க. கணக்குப் பாஸாகிட்டா பண்டாரவளைக்கு உயர்தரம் படிக்க அனுப்புறேன், இல்லாட்டி கொழும்புதான்னு அப்பா சொல்லிட்டாரு. மத்த பாடமெல்லாம் அந்தப் புள்ளைக்குச் சுகமா வருது. கணக்கு ஒண்ணுதான்."

3

அந்தக் காலத்தில் இணையத்தில் தமிழ் எழுதுவது எப்படி இருந்தது என்பதை இன்றைய இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்து இணையப் பக்கத்தில் ஏற்றினால் பெரகலவில் அது வெறும் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரியும். கடைசியில் பாடங்களைக் கையால் எழுதி, ஸ்கேனர் என்கிற வருடியில் படமாக்கி ஏற்றினேன். படம் திறக்கும்வரை நஸீர் நானா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிடுவாராம்.

வினாத்தாளுக்கு இலவசமாக ஒரு தளம் கிடைத்தது. கணக்குக்கு விடை எண்தானே, எழுத்துரு தேவையில்லை. அதை எனக்கு அமைத்துத் தந்தது மகள் நிரூபா. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்க அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லும் காலம் தொடங்கியிருந்தது. என் கையெழுத்துப் பாடத்தைப் பார்த்து, "இது வடிவா இருக்கு. ஆனா எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றாள். அன்று அவள் தமிழில் சொன்னது அந்த ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் வீட்டில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, நான் வாசலில் பனியை ஒதுக்கிவிட்டுக் கணினி முன் உட்காருவேன். பெரகலவில் பத்து மணி அளவில் விடைகள் அட்டவணையாக என் மின்னஞ்சலுக்கு வரும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே புள்ளி. முதல் வாரம் பத்துப் பேரும் முழுப்புள்ளி. இரண்டாம் வாரமும் அப்படியே. கலைச்செல்வியின் பெயர் எப்போதும் கடைசியில் வந்தது. அவளுக்கும் முழுப்புள்ளி. சித்திரைக்குள் பத்தாம் ஆண்டுப் பாடத்தைத் திருப்பிப் படித்து முடித்தோம். ஆடியில் திரிகோண கணிதத்துக்குப் போய்விட்டேன். என் நாட்குறிப்பில் அந்த மாதங்களில், 'பிள்ளைகள் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறேன்.

4

செப்டெம்பரில் முன்னோடிப் பரீட்சை நடந்தது. அது கடதாசியில் எழுதும் பரீட்சை. பத்துப் பேரில் இருவர்தான் சித்தி, அதாவது தேர்ச்சி. கலைச்செல்விக்குப் பத்தொன்பது புள்ளி.

வினாத்தாள் கடினம் என்றுதான் முதலில் நினைத்தேன். டீச்சர் அதை அனுப்பிவைத்தார். கடினமாக இல்லை. அடுத்த சனிக்கிழமை கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். நஸீர் நானா எடுத்தார்.

"நானா, பிள்ளைகள் எப்பிடி விடை குடுக்கினம்? நீங்கள் பார்த்தனீங்களா?"

"பாக்காம என்னா சேர். ரெண்டு மெஷின்ல ஒண்ணுதான் லைன் எடுக்கும். பத்துப் பேரும் சுத்தி நிப்பாங்க. கணக்கு வந்தா எல்லாரும் சேந்து கத்துவாங்க. சந்தியில பஸ்ஸுக்கு நிக்கிற ஆளுங்களே கடைக்கு உள்ள எட்டிப் பாப்பாங்க. சரியான விடை வந்தொடன அந்தக் கலைச்செல்வி டக்குனு அமத்திடும். முடிஞ்சதும் அடுத்த பேரப் போட்டு மறுபடி அமத்தும். பத்துப் பேருக்கும் அதுதான் அமத்துறது. மவுஸ் புடிக்க அது ஒண்ணுக்குத்தான் கை நடுங்காது."

"அப்ப அவள் எப்ப கணக்குச் செய்யிறது?"

"அதுக்கு எங்க சேர் நேரம்."

டீச்சர் தொலைபேசியை வாங்கினார். பிள்ளைகள் ஏமாற்றினார்களா என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

"இல்லீங்க சேர், கோவிச்சுக்காதீங்க. ஒருத்தருக்கு விடை வந்தா எல்லாருக்கும் வந்த மாதிரிதான் நெனைக்கிறாங்க. நீங்க படிச்சுக் குடுத்தப்பவும் வகுப்பே சேந்துதானே பதில் சொல்லிச்சு? அதோட இன்னொண்ணு. வெளிநாட்டுல ஒருத்தர் காலங்காத்தால எந்திரிச்சு நமக்காக பாடம் போடுறாரு, அவருக்குப் போயி பிழைய அனுப்புறதான்னு கேக்குறாங்க. மரியாதை இல்லையாம்."

அந்தத் தளம் பிள்ளைகளைத் தனித்தனியாக எண்ணுவதற்குச் செய்யப்பட்டது. எங்கள் வகுப்பு அப்படி இருந்ததே இல்லை. பத்துத் தடவை திரும்பி வந்த ஒரே விடையைப் பத்துப் பிள்ளைகளின் விடை என்று நான் வைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை.

5

டீச்சரும் நானும் ஒரு புதிய ஒழுங்கு செய்தோம். வெள்ளிக்கிழமை பாடசாலையில் ஒவ்வொருவரும் தனியாகக் கடதாசியில் கணக்குச் செய்வது. டீச்சர் விடைகளை மட்டும் பார்த்துக் குறியிடுவது. சரியாக வந்ததை எனக்கு அனுப்பத் தேவையில்லை. பிழைத்த பக்கங்களை மட்டும் நஸீர் நானா படமாக்கி அனுப்புவார். கணினியின் வேலை இனிப் பிழைகளைக் கொண்டுவருவது.

முதல் சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. ஒருவரும் பக்கத்தைக் கொடுக்கவில்லையாம்.

"சேரும் பிழை விடுவாருன்னு தெரிஞ்சாத்தான் குடுப்பாங்க" என்றார் டீச்சர்.

நான் அப்போது கொம்யூன் நடத்திய மொழி வகுப்பில் இருந்தேன். நகரசபையை இங்கே அப்படித்தான் சொல்வோம். என் கட்டுரை ஒன்றை, ஆசிரியை சிவப்பு மையில் திருத்தியதை, அப்படியே படமாக்கி இணையப் பக்கத்தில் ஏற்றினேன். சுமதி எட்டிப் பார்த்தாள். "இதையே உலகம் முழுக்கப் போடுறியள்? எங்கட ஆக்களும் பாப்பினமல்லே" என்றாள். பார்க்கட்டும் என்றேன். அதைச் சொல்லிவிட்டுப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

அன்று கடையிலிருந்து நஸீர் நானாவே தொலைபேசி எடுத்தார். "சேர், அந்த ஊரு டீச்சர் உங்கள செவப்பு மையில குளிப்பாட்டி விட்டிருக்காங்க போல. புள்ளைங்க கெடந்து சிரிக்குதுங்க. ஒரு புள்ள சொல்லுது, நம்ம சேருக்கு முப்பது மார்க் கூட தேறாதாம்."

அடுத்த வாரம் பதினாறு பக்கங்கள் வந்தன. அவற்றோடு, வினாத்தாள் தளத்தில் நான் திறந்துவைத்திருந்த கேள்விப் பலகையில் முதல் கேள்வியும் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்க வந்த நிரூபா என் தோளுக்கு மேலால் அதைச் சத்தமாக, தடையில்லாமல் வாசித்தாள். என் மகளால் வாசிக்கக்கூடிய தமிழ் இந்த வடிவில் இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

"சேர், சமன்பாட்டுல ஒரு எண் அந்தப் பக்கம் போனா குறி மாறும்னு சொல்றீங்க. போற வழியில அத யாரு மாத்துறா? கலைச்செல்வி."

நிரூபா வாசித்துவிட்டு நின்றாள். "உண்மைதானே அப்பா. ஆர் மாத்துறது? எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல."

கற்பித்த காலம் முழுவதும் நானும் 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்றுதான் சொல்லிக்கொடுத்து வந்தேன். அந்த வாரம் முழுவதும் ஒரு பாடம் எழுதினேன். யாரும் மாற்றுவதில்லை, எண் எங்கும் போவதுமில்லை, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவைக் கழிக்கிறோம், அவ்வளவுதான் என்று தொடங்கி, இரண்டு தட்டுத் தராசு ஒன்றை வரைந்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையின் எடைக்காகக் கழிப்பார்கள் அல்லவா, அதுபோல் இங்கே இரண்டு தட்டிலும் கழிக்க வேண்டும் என்று விளக்கினேன்.

அவளுடைய பதில்: "விளங்கிச்சு சேர். ஆனா மடுவத்துல நம்ம பக்கம் மட்டும்தான் கழிப்பாங்க."

அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. நவம்பரில் வந்த பக்கங்களில் அவளுடைய பிழைகள் குறைந்திருந்தன. பலகையில் மற்றப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு என்னை முந்திக்கொண்டு அவள் பதில் எழுதவும் தொடங்கியிருந்தாள். இரண்டு பதில் தவறு. ஒன்றை வேறொரு பிள்ளை திருத்தியிருந்தது.

டிசம்பரில் பரீட்சை எழுதினார்கள்.

6

பரீட்சைக்கும் முடிவுக்கும் இடையில் இருக்கும் மாதங்களை நான் யோசிக்கவில்லை. டீச்சரும் யோசிக்கவில்லை.

மாசி மாதம் கலைச்செல்வியின் அம்மா மலையில் கொழுந்து எடுக்கும்போது சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். வீட்டில் ஒருவர் சம்பளம் நின்றது. கொழும்பிலிருந்து கேட்டவர்கள் மறுபடி வந்தார்கள். முடிவு வரும்வரைக்கும்தான் என்று சொல்லி அப்பா மாரிமுத்து மகளை அனுப்பிவிட்டார். டீச்சருக்கே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"போன புள்ளைங்க அப்படி லேசுல திரும்பி வராதுங்க சேர்" என்றார்.

முடிவுகள் இணையத்தில் வெளியான நாளில் எனக்கு வேலை இல்லை. பெரகலவில் நஸீர் நானாவின் கணினியில் முடிவுப் பக்கம் திறக்கவில்லை. நாடு முழுவதும் அதே பக்கத்தைத் திறக்கப் பார்க்கும்போது எப்படித் திறக்கும். பத்துப் பேரின் பரீட்சைச் சுட்டெண்களும் என்னிடம் இருந்தன. இங்கே பக்கம் உடனே திறந்தது.

ஒவ்வொன்றாக அடித்தேன். ஆறு பேர் கணிதத்தில் சித்தி. நான்கு பேர் இல்லை. கலைச்செல்வியின் எண்ணைக் கடைசியில் அடித்தேன். கணிதம், எஸ். சாதாரண சித்தி. மற்றப் பாடங்களில் அதைவிட நல்ல பெறுபேறுகள். அவளுடைய முடிவு அவளுக்கும் தெரியாது, அவள் வீட்டுக்கும் தெரியாது, அவளுடைய பாடசாலைக்கும் தெரியாது. எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், சமையலறை மேசையில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அப்படி முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருந்ததாக இப்போதும் நான் நினைக்கவில்லை.

கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். சித்தியடையாத நால்வரைப் பற்றி டீச்சரிடம் முதலில் சொன்னேன். அவர் ஒவ்வொருவராக வெளியே கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாரிமுத்துவும் கடைக்கு வந்திருந்தார். தொலைபேசியை அவரிடம் கொடுத்தார்கள்.

"சேர், வணக்கமுங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பார்த்தனான். இப்பவும் முன்னாலதான் இருக்கு."

"எஸ்ஸுன்னு சொல்றாங்க. அது போதுங்களா?"

"போதும். உயர்தரம் படிக்கலாம்."

கடையில் யாரோ போட்டோ பிரதி எடுக்கும் ஓசை கேட்டது.

"அந்தப் பக்கத்த அப்படியே அச்சடிச்சு அனுப்ப முடியுங்களா சேர்? வாயால சொன்னா அந்த வீட்டுல நம்ப மாட்டாங்க. கையில ஏதாச்சும் இருக்கணும்."

படமாக்கி மின்னஞ்சலில் அனுப்பினேன். நஸீர் நானா இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார். மாரிமுத்து அடுத்த நாள் கொழும்பு பஸ் ஏறினார். அந்த வீட்டில், வேறு பிள்ளை கிடைக்கும்வரை அனுப்ப முடியாது என்றார்களாம். அவர் தகராறு செய்யவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்று பின்னேரமும் உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

7

எழுத்தில் மட்டும் பழகியிருந்த எனக்கும் கலைச்செல்விக்கும் இடையில் அதுவரை ஒரு சொல் பேச்சு நடந்ததில்லை. அவள் திரும்பி வந்த வாரம் பெரகலவிலிருந்து பேசினாள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னக் குரல்.

"அந்த வீட்டில என்ன வேலை பிள்ளை?"

"கூட்டுறது, தொடைக்கிறது, பாத்திரம் கழுவுறது. அந்த வீட்டுத் தம்பி ஏழாம் வகுப்புங்க சேர். அவருக்கு கம்ப்யூட்டர்ல கணக்குப் பாடம் இருந்திச்சு, நம்மளோட மாதிரியே. பிழையா அமத்துனா செவப்பு வரும்."

"சொல்லிக் குடுத்தனியா?"

"இல்லீங்க சேர். கம்ப்யூட்டரத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. தூசி தட்டுறதுக்கு மட்டும் தொடலாம்."

நான் பதில் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"சேர், உயர்தரத்துக்கும் பாடம் போடுவீங்களா?"

"என்ன பாடம் எடுக்கிறாய்?"

"தமிழ், புவியியல், பொருளியல்."

"பிள்ளை, எனக்குப் புவியியலும் தெரியாது, பொருளியலும் தெரியாது."

பின்னால் நஸீர் நானா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"பரவாயில்லீங்க சேர். நான் கேள்வி அனுப்புறேன். நீங்க படிச்சுட்டுப் போடுங்க."